பச்சைத் தேயிலை குடித்தவர்

தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நடந்த எல்லைப் போராட்டத்தில் நான் செய்த வேலை காப்பி போட்டது. மேடை ஏறவில்லை, கொடி பிடிக்கவில்லை, ஜெயிலுக்குப் போகவில்லை. குன்னத்துகால் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் கூட்டம் கூடும்போதெல்லாம் அடுக்களையில் நின்று புகையைக் குடித்துக்கொண்டு மற்றவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். இதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வயது எண்பது தாண்டிவிட்டது. இனி யாரும் கேட்கப் போவதுமில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருப்புறத்தில். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த உடம்பு இது. எங்கள் விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், நின்ற காப்பிச் செடியில் பழம் பறித்து, காயவைத்து, வறுத்து, உரலில் இடிப்பாள் அம்மா. கருப்பட்டித் தண்ணீர் கொதித்து நுரை தள்ளும்போது அந்தத் தூளையும் தட்டிப்போட்ட சுக்கையும் சேர்ப்பாள். பால் கிடையாது. பனை இறக்குகிற மாதங்களில் காலையில் அக்கானி வரும், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர். அதே பனையில் இறங்கும் கள்ளைத் தொட்டால் சபையில் பேர் வெட்டிவிடுவார்கள். காய்ச்சல் என்றால் சுக்கு வெள்ளம், வயிறு சரியில்லை என்றால் சீரக வெள்ளம்; தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்போம். தேயிலை எங்களுக்குக் கடைத்தெருவில் ஆண்கள் நின்றுகொண்டு குடிக்கிற ஒன்று. அவ்வளவுதான்.

என்னைக் கட்டியவர் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கல்யாணம் முடிந்த பத்தாவது நாள் மலைக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் குன்னத்துகாலில் மாமியாரோடு இருந்துகொண்டு சபைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். அவர் கிறிஸ்துமசுக்கு வருவார், போவார். இரண்டாம் வருஷம் கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே வந்துவிட்டார், ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு செடிகளோடும். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் அவர்களைக் கூட்டிவைத்து, இந்த மலையும் தமிழர் மண்தான், நாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று பேசியிருக்கிறார். தோட்டத்துக்காரர்கள் மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"சாக்குக்குள்ள என்னதுலே?" என்று கேட்டாள் மாமியார்.

"தேயிலச் செடியாக்கும் அம்மா."

"சோலி போச்சு, செடி வந்துதா?"

அவர் சிரித்தார். அன்றே கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டி இரண்டையும் நட்டார். இந்தச் சூட்டில் தேயிலை வராது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்று பட்டுப்போயிற்று. மற்றது பிடித்துக்கொண்டது.

தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை பதம் பார்க்கிறவர் ஒருவர் இருந்தாராம். ஊருக்கெல்லாம் அனுப்புகிற கறுப்புத் தேயிலையை அவர் தொடவே மாட்டாராம். தனக்கென்று கொழுந்து பறித்து, அது வாடிக் கறுப்பதற்கு முன்பே இரும்புச் சட்டியில் போட்டுப் புரட்டி, உள்ளங்கையில் உருட்டி, நிழலில் காயவைத்துக்கொள்வாராம். அந்தப் பக்குவத்தை அவரிடமிருந்து இவர் பிடித்துக்கொண்டார். செடி தலையெடுக்கும்வரை மலையிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் ஓடியது. பிறகு நம் விளை இலையே போதும் என்றார். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு லோட்டா. மதியம் ஒன்று. சாயங்காலம் ஒன்று. சீனி கிடையாது, கருப்பட்டி கிடையாது. வெளிறிய மஞ்சள் நிறம், வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி.

நான் ஒருமுறை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாக்கு சுருண்டுவிட்டது.

"இத எப்படிக் குடிக்கிய?"

"கேளு. தல வலிக்காது. வயிறு கனக்காது. கொழுப்பக் கரைக்கும். மனசு தெளியும். மலையில இத குடிக்கிறவனுக்குக் காச்சலே வாறதில்ல."

"அப்ப மத்த கூலிக்காரங்களுக்கு என்னத்துக்குக் காச்சல் வருது?"

"அவங்களுக்குக் கொழுந்து எங்க கெடைக்கும்? தேயிலத் தூசில்லா குடிக்காவ" என்றார். விளையாட்டாகக் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

மாமியார் அதை ஆட்டு வெள்ளம் என்பாள். "ஆட்டுக்குப் போடுத எலய அவிச்சுக் குடிக்கான் எனக்க மவன். மருந்துண்ணா சீக்கு வேணும்லா மக்கா? ஒனக்கு என்ன சீக்கு?" என்பாள். அப்போது அவருக்கு ஒரு சீக்கும் இல்லை. நல்ல வைரம் பாய்ந்த உடம்பு.

வந்த கொஞ்ச நாளிலேயே இயக்கம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளியே கூட்டம் போடப் போலீஸ் விடாது. அதனால் எங்கள் முற்றத்தில் ஜெபக்கூட்டம் என்று சொல்லிக் கூடுவார்கள். முதலில் ஒரு பாட்டு. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எந்த ஊரில் யார் பேசுவது, எந்தப் பாதையில் ஊர்வலம் போவது என்று பேச்சு. பாறசாலையிலிருந்து வருவார்கள், ஒற்றசேகரமங்கலத்திலிருந்து நடந்தே வருவார்கள், விளவங்கோட்டுப் பக்கமிருந்து சைக்கிளில் வருவார்கள். எல்லோருக்கும் காப்பி. பள்ளிக்கூடம் விட்டு வந்த சேலையோடு நான் அடுப்பு மூட்டுவேன். மாமியார் கருப்பட்டி உடைப்பாள். காப்பிச் செடி போதாமல் என் அம்மா வீட்டிலிருந்தும் கொட்டை வந்தது.

வந்தவர்களில் ஒரு வக்கீல் இருந்தார். தெற்கே விளவங்கோட்டுக்காரர். இளவயது, வெள்ளைச் சட்டை, நல்ல குரல். என்னை மைனி என்பார். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற அந்த முறையை முதல் நாளே எடுத்துக்கொண்டார். இவரை 'மக்கா' என்பார், தோளில் கை போட்டுக்கொண்டு.

"மைனி காப்பி குடிச்சிட்டுப் போனா போலீஸ்காரனுக்க அடியும் இனிக்கும்" என்று ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர் ஒருநாளும் அடி வாங்கியதில்லை என்று பிறகுதான் யோசித்தேன்.

இவர் தன் லோட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு அதன் குணங்களைச் சொல்ல ஆரம்பிப்பார். வக்கீல் மூக்கைப் பொத்திக்கொள்வார். "எலே மக்கா, நம்மளுக்குத் தமிழ்நாடு கெடைக்கட்டும், ஒனக்குப் பீர்மேடு முழுக்க எழுதித் தாறேன். அதுவர இந்தக் கசாயத்த எனக்கு நீட்டாத" என்பார்.

பாறசாலையில் ஊர்வலம் போன அன்று அடி விழுந்தது. முன்வரிசையில் நின்றவர்களைப் பிடித்துப் போட்டு அடித்தார்கள் என்று மத்தியானம் ஒருவர் ஓடிவந்து சொன்னார். இவரை வயிற்றில் பூட்ஸ் காலால் மிதித்திருக்கிறார்கள். வக்கீல் அன்று கோர்ட்டில் ஒரு கேஸ் என்று வந்திருக்கவில்லை.

மறுநாள் காலை லாக்கப்பில் போய்ப் பார்த்தேன். கம்பிக்குள் சுவரில் சாய்ந்து இருந்தார். உதடு வீங்கியிருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "எனக்க தேயில வெள்ளம் ஒரு குப்பியில கொண்டு வாறியா?" என்றார். சோறு கேட்கவில்லை, வக்கீலைக் கேட்கவில்லை. நடந்து வீட்டுக்கு வந்து, காய்ச்சி, குப்பியில் ஊற்றி, துணி சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் குப்பியைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"இதெந்தா? சாராயமாணோ?"

"இல்ல சாரே. தேயில வெள்ளமாக்கும்."

"தேயில வெள்ளம் ஈ நிறமோ? ஆரோடு பறயுந்நு?" யாரிடம் கதை விடுகிறாய் என்று மலையாளத்தில் அதட்டினார்.

"குடிச்சுப் பாருங்க சாரே."

முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் வாயில் விட்டு உடனே துப்பினார். பிறகு மீதியை என் கண்ணுக்கு முன்னால் மண்ணில் கவிழ்த்தார். காலிக் குப்பியை என் கையில் திருப்பிக் கொடுத்து, "இது சாயக்கட அல்ல" என்றார், டீக்கடை இல்லையாம். உள்ளே அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. அவர் கண்தான் நிறைந்தது. மிதித்தபோது அழாதவர் ஒரு குப்பித் தண்ணீருக்கு அழுதார்.

வெளியே விட்டபிறகு மனிதர் பழைய மனிதராக இல்லை. சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவார். ஒருநாள் காலையில் ரத்தமாக வாந்தியெடுத்தார். தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் காளைவண்டியில் கொண்டுபோனேன். டாக்டர் வயிற்றில் புண் என்றார். காப்பி, தேயிலை, காரம் எதுவும் கூடாது, பாலும் கஞ்சித் தெளிவும் கொடுங்கள் என்றார். பச்சைத் தேயிலையைச் சொல்லிக் கேட்டேன். "பச்சையானாலும் கறுப்பானாலும் தேயிலை தேயிலைதான் அம்மா. வெறும் வயிற்றில் ஒரு சொட்டு கூடாது" என்றார்.

வீடு வந்ததும் இவர் முதல் வேலையாக அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

"டாக்டர் சொன்னது காதுல விழல்லியா?"

"அவரு கறுப்புத் தேயில மட்டுந்தான் பாத்திருக்காரு. இது புண்ண ஆத்தும். நீ கொஞ்சம் பொறு."

"ரத்தம் கக்கினது நானா நீங்களா?"

அவர் குனிந்து அடுப்பை ஊதினார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சண்டை தொடங்கியது. அது முடியவே இல்லை. நான் பொடியை ஒளித்து வைப்பேன், அவர் செடியில் போய்ப் பறிப்பார். நான் பால் காய்ச்சிக் கொண்டுபோய் வைப்பேன், ஆடை படிந்து கிடக்கும். செடியை வெட்டிவிடலாம் என்று ஒருநாள் வெட்டுக்கத்தியோடு கிணற்றுக்குப் பின்னால் போனேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மக்களே. அவனுக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். ஆட்டு வெள்ளம் என்று பரிகாசம் பண்ணினவள்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை. வெட்டியிருக்க வேண்டும்.

மாநிலங்களைப் பிரிக்கிற கமிஷனின் தீர்ப்பு வந்த செய்தியைப் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டேன். தலைமையாசிரியர் வீட்டு ரேடியோவில் சொன்னதாக வந்து சொன்னார்கள். தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா இங்கேயே, மலையாளத்தோடு. தேவிகுளமும் பீர்மேடும் இங்கேயே. பிறந்த இடமும் போயிற்று, பிழைத்த இடமும் போயிற்று. இரண்டுக்காகவும் பேசின மனிதர் முற்றத்தில் கட்டிலில் வயிற்றில் துணி கட்டிப் படுத்திருந்தார். நான் போய்ச் சொன்னபோது, "அறிஞ்சேன்" என்றார். அவ்வளவுதான். ஒற்றசேகரமங்கலத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் போனார்கள்.

கேரளம் பிறந்த அந்த நவம்பர் முதல் நாள் தெற்கே ஒரே கொண்டாட்டம். புது எல்லையான களியக்காவிளை தாண்டினால் வெடிச்சத்தம். இவர் புறப்பட்டார். வேண்டாம் என்றேன். "நம்ம ஆளுகதானே ஜெயிச்சிருக்காவ" என்றார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடந்தே போனார்.

சாயங்காலம் திரும்பி வந்து சொன்னார். பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சர்பத்தும் பாயசமும் கொடுத்தார்களாம். வக்கீல் மேடையில் மாலையோடு நின்றாராம். இவரைக் கண்டதும் இறங்கி வந்து கட்டிப்பிடித்தாராம்.

"என்ன சொன்னாரு?"

"'வெசனப்படாத மக்கா, அடுத்த கட்டம் ஒங்களுக்காக்கும்'ண்ணு சொன்னாரு."

"மேடைக்குக் கூப்பிட்டாரா?"

"கூட்டம் நெறய உண்டும்" என்றார். பிறகு பொத்தென்று தரையில் இருந்துகொண்டு, "அங்க சர்பத்து குடிச்சேன். வயிறு எரியுது" என்றார்.

அடுத்த கட்டம் என்று ஒன்று வரவேயில்லை. எங்கள் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்த சைக்கிள்கள் நின்றுவிட்டன. மைனி என்று ஒரு குரல் கேட்கவில்லை. கடைத்தெருவில் மட்டும் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற வார்த்தை முதுகுக்குப் பின்னால் கேட்கும். அதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் என் டிவிஷனில் பிள்ளைகள் குறைந்தார்கள். வேலை வேண்டுமென்றால் மலையாளம் படிக்கவேண்டும் என்று அப்பன்மார் நேரே என்னிடமே வந்து, "டீச்சர் தப்பா நெனைக்கப்பிடாது" என்று சொல்லி மாற்றிக்கொண்டு போனார்கள். நான் தப்பாக நினைக்கவில்லை. எங்கள் மகளுக்குப் பள்ளி வயது வந்தபோது அவளையும் மலையாளத்தில்தான் சேர்த்தேன். அதற்கு இவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

"எனக்க மவ தமிழ் படிக்காம வளருவாளா?"

"படிச்சு என்ன செய்ய? ஒங்கள மாதிரிக் கட்டில்ல கிடக்கவா?"

சொல்லியிருக்கக் கூடாது என்று நல்லவர்கள் நினைக்கலாம். வீட்டில் ஒரு சம்பளம், அது என் சம்பளம். பிள்ளையின் பிழைப்பை யாராவது ஒருவர் யோசிக்கவேண்டாமா?

அவர் ஒரு பலசரக்குக் கடையில் கொஞ்ச நாள் கணக்கு எழுதினார். முடியாமல் விட்டார். கடைசி வருஷங்களில் கஞ்சித் தெளிவுகூட நிற்கவில்லை. அப்போதும் காலையில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் போவார். கொழுந்து பறிப்பார். இரும்புச் சட்டியில் புரட்டும்போது வீடெல்லாம் பச்சை மணம் அடிக்கும். அதை நான் வெறுத்தேன். மகள் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வரும்போது ரத்தம் கக்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் வழியில் போய்விட்டார். அடக்கத்துக்கு ஊரார் வந்தார்கள், சபையார் வந்தார்கள். தெற்கேயிருந்து ஒருவரும் வரவில்லை. அன்று ஏதோ தேர்தல் வேலை என்று பிற்பாடு சொன்னார்கள்.

அடித்த பூட்ஸ்தான் அவரைக் கொன்றது என்று நான் ஊரில் சொல்லுவேன். தேயிலை கொன்றது என்று மனசுக்குள் சொல்லுவேன். எது உண்மை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நல்ல மனிதர், ஒரு தப்பான தண்ணீர் என்று அவ்வளவு சுளுவாக முடித்துவிடவும் முடியவில்லை. அந்த வயிற்றுப் புண்ணுக்கு முன்னால் அது அவருக்கு நல்லதாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே ஆள் வைத்துச் செடியைத் தோண்டி எடுத்துவிட்டேன். மாமியார் இந்த முறை என் கையைப் பிடிக்கவில்லை.

பல வருஷங்கள் போயின. மாமியார் போனாள். மகள் மலையாளம் படித்து, அரசாங்க வேலைக்குப் போய், இங்கேயே கல்யாணமாகி, என்னோடு இருக்கிறாள். இப்போது எங்கள் ஊர்க் கடைகளிலும் பச்சைத் தேயிலை அழகான டப்பாவில் வருகிறது. மகளுக்குச் சர்க்கரை இருப்பதால் வாங்கி வைத்திருக்கிறாள். டப்பாவின் பின்பக்கம் அதன் குணங்களை அச்சடித்திருக்கிறார்கள்.

நாலைந்து வருஷங்களுக்கு முன் ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு கிழவரை அவர் மகன் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார். பக்கத்து ஊரில் ஒரு சாவு வீட்டுத் துஷ்டிக்கு வந்தவர்களாம். வெள்ளைச் சட்டையைப் பார்த்து அல்ல, "மைனி" என்ற குரலைக் கேட்டுத்தான் அந்த வக்கீல் என்று தெரிந்துகொண்டேன்.

உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். காப்பி போடட்டுமா என்று மகள் கேட்டாள்.

"காப்பி வேண்டாம் மக்களே. சுகர் உண்டும். இந்தக் கிரீன் டீ இருக்குமா? டாக்டர் அதுதான் சொல்லியிருக்காரு."

மகள் போட்டுக் கொண்டுவந்தாள். அவர் ஆற்றி ஆற்றிக் குடித்தார். "நல்ல கசப்பு" என்றார். பிறகு என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். சர்க்கரையைக் குறைக்குமாம். கொழுப்பைக் கரைக்குமாம். மனசு தெளியுமாம். "ஆனா மைனி, வெறும் வயித்துல குடிக்கப்பிடாது. புண்ணாக்கிரும். அது மட்டும் கவனிக்கணும்."

"அத நான் ஒருத்தருகிட்ட சொல்லிச் சொல்லித் தோத்துப் போனேன்" என்றேன்.

அவருக்குப் பிடிபடவில்லை. வேறு பேச்சுக்குப் போனார். எல்லைப் போராட்டக்காரர்களைத் தெற்கே அரசாங்கம் மரியாதை செய்கிறது, தனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், மாதாமாதம் உதவி வருகிறது என்றெல்லாம் சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் இருந்திருந்தாருண்ணா அவருக்கும் கெடைச்சிருக்கும் மைனி. பாவம். நல்ல மனுசன்."

"அவரு இருந்த எடத்துலதான் இருந்தாரு. நீங்கதான் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆனிய."

அவர் மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் விடவில்லை.

"பொன்னாடை போர்த்தினப்ப மேடையில பேசியிருப்பியளே. அவரு பேரச் சொன்னியளா?"

"வயசாச்சு மைனி. எல்லாம் ஓர்மையில நிக்கமாட்டேங்குது."

"இப்பச் சொல்லுங்க. அவருக்க பேரு என்ன?"

கிழவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மக்கா, மக்கா என்று தோளில் கைபோட்டு அழைத்த மனிதருக்கு ஒரு பேர் இருந்ததே நினைவில் இல்லை. நெற்றியைத் தடவினார். சுவரில் படம் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் தேடினார். என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. லோட்டாவிலிருந்து கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

மகன்தான், "அப்பாவுக்கு நேரமாச்சு, வாறோம் அம்மா" என்று எழுப்பினார். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. மகள் கூடவே போய்க் காரில் ஏற்றிவிட்டு, குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து என்னைக் கோபித்துக்கொண்டாள். வயசான மனிதரிடம் எதற்கு அப்படிச் சம்சாரித்தாய் என்றாள்; பேசினாய் என்பதற்கு அவள் வாயில் மலையாளம்தான் வரும்.

"நீ என்ன சொன்ன அவருகிட்ட?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்க பேரச் சொன்னேன். ஜன்னல் வழியா."

"என்ன சொன்னாரு?"

"'ஆமா, ஆமா'ண்ணு சொன்னாரு. அப்பறம் கண்ணாடிய ஏத்திட்டாவ."